ஆல்ப்ஸ் தொலைவில், பிரான்மலை அருகில்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணிபுரியும் உறவினர் மகன் ஒருவர் சென்ற மாதம் காரைக்குடிக்கு வந்திருந்தார். ஆல்ப்ஸ் மலையில் நடந்த படங்களைக் காட்டிக்கொண்டே, "மாமா, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் ஏறுவோம். ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடுவோம். உணவு விடுதிக்கும் திரைப்படத்துக்கும் போய்வருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகச் செலவாகும்" என்றார். பிறகு இயல்பாகவே கேட்டார்: "நம்ம ஊர்ப் பக்கம் இப்படி நடக்க மலை ஏது?"

அந்தக் கேள்வியில் இரண்டு பிழைகள் இருப்பதாக எனக்குப் பட்டது. செட்டிநாட்டுக்கு அருகே மலை இல்லை என்பது ஒன்று. மலையில் நடப்பது ஐரோப்பாவில் இயற்கையாகவே மலிவானது என்பது மற்றொன்று. உலகின் செல்வம் மிகுந்த நாடுகளில் அமைந்த ஆல்ப்ஸ், எளியவர்களும் இரண்டு நாள் நடந்துவரக்கூடிய இடமாகத் தானாக மாறிவிடவில்லை, திட்டமிட்டு மாற்றப்பட்டது. அது எப்படி நிகழ்ந்தது என்று தெரிந்துகொண்டால், நம் வட்டாரத்து மலைகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதும் விளங்கும்.

மலை எப்படி மலிவானது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆல்ப்ஸ் ஏறுதல் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. 1857-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஆல்பைன் கிளப் உலகின் முதல் மலையேறுவோர் சங்கம். அதைத் தொடர்ந்து 1862-இல் ஆஸ்திரியாவிலும், 1863-இல் சுவிட்சர்லாந்திலும், 1869-இல் ஜெர்மனியிலும் மலைச் சங்கங்கள் உருவாயின. இவை மலையேறுவோர் கூடிப் பேசும் மன்றங்களாக மட்டும் நின்றுவிடவில்லை. உறுப்பினர் சந்தாவைக் கொண்டு பாதை வெட்டின. மலைமேல் தங்கும் குடில்களைக் கட்டின. இன்று ஜெர்மன் சங்கத்துக்கு மட்டும் 300-க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. சுவிஸ் சங்கத்துக்கு ஏறத்தாழ 150.

இக்குடில்களில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பொதுக்கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள் போடப்பட்டிருக்கும். போர்வை கொடுப்பார்கள், உள்விரிப்பை நாமே கொண்டுபோக வேண்டும். உறுப்பினர்களுக்குக் கட்டணம் குறைவு. ஒரு நாட்டின் சங்க உறுப்பினருக்கு மற்ற நாட்டுக் குடில்களிலும் சலுகை உண்டு. ஜெர்மன், ஆஸ்திரிய சங்கக் குடில்கள் பலவற்றில் உறுப்பினருக்கென்று 'மலையேறுவோர் உணவு' குறைந்த விலையில் பரிமாறப்படுகிறது.

ஆயினும் தொழிலாளிக்கு அந்தச் சந்தாவும் எட்டாததாகவே இருந்தது. 1895-இல் வியன்னாவில் ஆசிரியர் ஒருவர் தொழிலாளர் நாளேட்டில், இயற்கையை நேசிப்போர் ஒன்றுசேர வேண்டும் என்று சிறு விளம்பரம் கொடுத்தார். ஜார்ஜ் ஷ்மீடல் என்ற அந்த ஆசிரியரோடு அலோய்ஸ் ரோராவர் என்ற கொல்லரும், கார்ல் ரென்னர் என்ற மாணவரும் சேர்ந்து 'இயற்கை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த மாணவர்தான் பின்னாளில் ஆஸ்திரியக் குடியரசின் முதல் பிரதமராகவும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் குடியரசுத் தலைவராகவும் ஆனவர். தொழிலாளர்கள் தங்கள் கைகளாலேயே கட்டிய இல்லங்கள் ஆல்ப்ஸ் சரிவுகளில் எழுந்தன. வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு ஏழாம் நாளில் மலை கிடைத்தது.

சுவிட்சர்லாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது. நடைபாதைகளைக் காக்கும் பொறுப்பை அரசியலமைப்பில் சேர்ப்பதற்கு 1979-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர். இன்று அங்கு 65,000 கிலோமீட்டருக்கு மேல் குறியிடப்பட்ட நடைபாதைகள் உள்ளன. எளிய பாதைக்கு மஞ்சள் குறி. கால் உறுதியும் கவனமும் வேண்டிய மலைப்பாதைக்கு வெள்ளை-சிவப்பு-வெள்ளை. கடினமான உயர்மலைப் பாதைக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை. வழிகாட்டிப் பலகைகளில் இடத்தின் பெயரோடு, நடக்க ஆகும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வருபவர் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வண்ணம் பூசிய கல்லே அவருக்கு வழி சொல்லிவிடுகிறது.

பாதை, குறி, கூரை, உணவு ஆகிய இந்த நான்கும் பொதுவில் அமைந்ததால்தான் மியூனிக் இளைஞருக்கு ஆல்ப்ஸ் மலிவாகக் கிடைக்கிறது.

நாமும் கட்டியிருந்தோம்

இந்த நான்கையும் ஐரோப்பியர்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் குன்றக்குடியில் நின்று பார்த்தால், அவை நம் கண்ணெதிரே நடந்துபோவதைக் காணலாம்.

நகரத்தாரின் பழநிப் பாதயாத்திரை நான்கு நூற்றாண்டு மரபு என்று சொல்லப்படுகிறது. குன்றக்குடியில் கூடும் காவடிகள் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநியை அடைகின்றன. நூறு மைல் அளவுக்கு நீளும் இந்த நடையில் எங்கே இரவு தங்குவது, எங்கே காலை உணவு, எந்த ஊரில் யார் நீர்மோர் கொடுப்பது என்பதெல்லாம் தலைமுறைகளாக வகுக்கப்பட்டவை. அவரவர் வசதிக்கேற்ப நன்கொடை தரலாம். தர இயலாதவரும் நடக்கலாம். வழிநெடுகச் சத்திரங்களும் மடங்களும் அன்னதானப் பந்தல்களும் உண்டு. ஆல்ப்ஸ் குடில்களுக்கு முன்பிருந்தே, நடப்பவருக்குக் கூரையும் சோறும் தருவது ஊரின் கடமை என்ற எண்ணம் இந்த மண்ணில் வேரூன்றியிருந்தது.

ஆனால், அந்த ஏற்பாடு ஆண்டுக்குச் சில நாள்களுக்கு, ஒரே ஒரு பாதையில் மட்டும் உயிர்பெறுகிறது. மற்ற நாள்களில் இதே வட்டாரத்தில் நடக்க விரும்பும் கல்லூரி மாணவருக்கோ, கடைச் சிப்பந்திக்கோ, ஓய்வுபெற்ற ஆசிரியைக்கோ அப்படி எதுவும் இல்லை. செட்டிநாட்டுச் சுற்றுலா என்றால் மாளிகையைப் பார்ப்பதும், விருந்துண்பதும், பாரம்பரிய விடுதியில் ஒரு இரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தங்குவதும் என்று ஆகிவிட்டது. மலை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இரண்டு நாள், ஒரு மலை

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சிங்கம்புணரிக்கு அருகே பிரான்மலை நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உயரம். பாரியின் பறம்புமலை இதுவே என்பது இவ்வட்டாரத்தின் நெடுநாள் நம்பிக்கை. அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில். மலைமேல் ஷேக் அப்துல்லா அவுலியாவின் தர்கா. மருது சகோதரர்களின் வரலாற்றோடும் இம்மலைக்குத் தொடர்பு உண்டு. ஒரே மலையில் சங்ககாலப் புகழும், சைவமும், இசுலாமும், விடுதலைப் போரும் சேர்ந்து கிடக்கின்றன. எனினும் எங்கள் ஊரில் பலர் இதைப் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாள்களில், ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்குள் இம்மலையை நடந்து பார்க்க முடியும். நான் சென்றுவந்த முறையைச் சொல்கிறேன்.

சனிக்கிழமையை உடலைப் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு நடந்தால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பாதயாத்திரிகர்கள் கால்பட்ட தடம் இது. குன்றக்குடியில் சண்முகநாதர் கோயில் கொண்ட சிறு குன்றின் படிகளில் ஏறி இறங்குவது, மறுநாளைய ஏற்றத்துக்கு நல்ல ஒத்திகை. முழங்காலோ புதுச் செருப்போ தகராறு செய்யுமானால் அது இங்கேயே தெரிந்துவிடும். குன்றின் அடியிலுள்ள குடைவரைகளைப் பார்த்துவிட்டு, அடுத்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருக்கும் பிள்ளையார்பட்டிக்கு நடக்கலாம். அதற்குள் வெயில் ஏறிவிடும். நடையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாலையில் பேருந்தில் திருப்பத்தூர். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் இது. இரவு இங்கேயோ பிள்ளையார்பட்டியிலோ எளிய விடுதியில் தங்கலாம். நால்வர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் செலவு பங்காகிவிடும். விழா நாள்களிலும் முகூர்த்த நாள்களிலும் அறை கிடைக்காது; முன்கூட்டியே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஞாயிறு அதிகாலை முதல் பேருந்தில் சிங்கம்புணரி, அங்கிருந்து பிரான்மலை. காலைப் பேருந்து நேரத்தை முந்தைய நாள் மாலையே நிலையத்தில் விசாரித்துவிடுவது நல்லது. நேரம் ஒத்துவராவிட்டால் நால்வர் சேர்ந்து ஆட்டோ பிடிக்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து ஓடும் தடங்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பெண்கள் குழுவாகச் சென்றால் செலவு இன்னும் குறையும்.

உணவுக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. புளியோதரை பன்னிரண்டு மணி நேரம் கெடாது. மாவுருண்டை, தேன்குழல், சீப்புச்சீடை ஆகியவை நம் வீட்டுப் பெரியவர்கள் கப்பல் பயணத்துக்கே கட்டிக்கொடுத்தவை. பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மாவுருண்டைக்கு ஈடாக, கடையில் விற்கும் 'சக்திக் கட்டி' எதையும் நான் கண்டதில்லை. காலணிக்கும் ஆயிரங்கள் வேண்டா. ஏற்கெனவே பழகிய, அடிப்பாகம் தேயாத, பாறையில் வழுக்காத காலணி போதும்.

நேரத்தைக் கணக்கிடும் கலை

பணத்தைக் கணக்கிடுவது எளிது. மலையில் மனிதரை வீழ்த்துவது நேரக் கணக்கு. இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் மூவரோடு முதன்முறையாகப் பிரான்மலை ஏறினேன். மார்ச் மாதம். தேநீர், பேச்சு, படம் எடுத்தல் என்று பொழுது கழிந்து, ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. கையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உச்சியைத் தொட்டபோது நண்பகல், தண்ணீர் தீர்ந்திருந்தது. இறங்கும் வழியில் நண்பர் ஒருவருக்கு வியர்வை நின்றுபோய், பேச்சு குழறியது. வெப்பத் தாக்கின் அறிகுறி அது என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. தர்காவுக்கு வந்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அவரை நிழலில் கிடத்தி, தங்களிடம் இருந்த தண்ணீரால் உடலை நனைத்து, துணியால் விசிறியது. தெளிந்து எழுந்தபின் குடிக்கவும் கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் மூதாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்னப்பா, வெயிலு ஏறுறதுக்கு முந்தி ஏறி எறங்கிப்புடணும்ல? படிச்ச பிள்ளைகதானே நீங்க!"

அவர் சொன்னதைத்தான் மலையேறுவோரின் கணக்கும் சொல்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு விதியை வகுத்தார். சமதளத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கான கணக்கு. நம் வெயிலில், பழகாதவர்களுக்கு, வரும் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்வது பாதுகாப்பானது. பிரான்மலை போன்ற ஒரு மலைக்கு ஓய்வையும் சேர்த்து, ஏறி இறங்க ஐந்து மணி நேரம் ஒதுக்கலாம். காலை ஆறு மணிக்குக் கால் வைத்தால் பதினொரு மணிக்கு அடிவாரம்.

மலை உயர உயரக் குளிரும் என்ற நம்பிக்கையும் இங்கே ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் நாம் ஏறும் உயரம் அதில் பாதியளவே. குறைவது மூன்று, நான்கு பாகை. காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும் பாறை அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும்.

ஆகவே என் விதிகள் எளியவை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்; உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. காலை எட்டரை மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், திரும்பி இறங்கத் தொடங்குவது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடமும் அடிவாரக் கடையில் ஒருவரிடமும் சொல்லிவைப்பது. நடையின் வேகத்தைக் குழுவில் மெதுவாக நடப்பவர் தீர்மானிப்பது. இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதிருப்பது. 2024-ஆம் ஆண்டு வெள்ளியங்கிரி மலையேற்றப் பருவத்தில் அடுத்தடுத்துப் பலர் உயிரிழந்த செய்திகளை நாம் மறந்துவிடக் கூடாது.

மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும், இடி விழும். மார்ச் முதல் வெயிலோடு காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும். மார்கழிப் பின்பாதியும் தை மாதமும்தான் நமக்கு உகந்தவை. பழநி யாத்திரைக்கு முன்னோர்கள் தேர்ந்த காலமும் அதுவே.

குரங்கணி சொன்ன பாடம்

காட்டுத்தீ என்று சொல்லும்போது 2018 மார்ச் 11 நினைவுக்கு வராமல் இருக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அன்று தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வார இறுதி நடைக்கு வந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி, கிராம இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பணி கிடைத்தது நல்ல செயல். தீ அபாயக் காலத்தில் பாதைகள் மூடப்படுவதும் சரியே.

ஆனால், அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியவை. காரைக்குடியிலிருந்து அங்கே சென்று, தங்கி, கட்டணம் செலுத்தித் திரும்பும் செலவு ஒரு கடைச் சிப்பந்தியின் வார வருமானத்தைத் தாண்டிவிடும். சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் பிரான்மலை போன்ற மலைகளுக்கு அந்த ஒழுங்கு இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். எது கோயில் வழி, எது காப்புக்காடு என்று மலையடிவாரத்தில் நிற்கும் பயணிக்குச் சொல்ல ஒரு பலகை வேண்டாமா? அது இல்லாத இடங்களில், கிளம்புமுன் உள்ளூர் வனப் பணியாளரிடமும் கோயில் பணியாளர்களிடமும் கேட்டுக்கொள்வதே ஒரே வழி. மக்கள் வழக்கமாக ஏறும் பாதையை விட்டு விலகாதிருப்பதே பாதுகாப்பு.

ஒரு பலகை, ஒரு கூரை

பாதுகாப்பு என்றால் தடை, மலிவு என்றால் பொறுப்பின்மை என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுகிறோம். ஆல்ப்ஸ் காட்டுவது வேறு: பொதுவான ஏற்பாடுகள் பாதுகாப்பையும் மலிவையும் ஒருசேரத் தருகின்றன.

பிரான்மலை அடிவாரத்தில் ஒரு பலகை வைக்கலாம். உச்சிக்கு ஆகும் நேரம், ஏறத் தொடங்குவதற்கான கடைசி மணி, தேவைப்படும் தண்ணீர் அளவு, 108 ஆம்புலன்ஸ் எண், வனத்துறை எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். வழி பிரியும் இடங்களில் சிறு கற்கம்பங்கள் நடலாம். தொன்மையான பாறைகளின்மீது வண்ணம் பூச வேண்டா. ஊராட்சி இளைஞர்கள் சிலருக்கு முதலுதவியும் வழிகாட்டலும் பயிற்றுவிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவினர் காலை உணவுப் பொட்டலமும் குடிநீரும் விற்கலாம். யாத்திரைக் காலம் தவிர மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் சத்திரங்களிலும் விடுதிகளிலும் சிலவற்றை, சனி இரவுகளில் மட்டும், பாய் ஒன்றுக்குச் சிறு கட்டணத்தில் நடப்பவர்களுக்குத் திறந்துவிடலாம்.

இவற்றில் எதற்கும் கோடிகள் வேண்டா. ஊரின் வளத்தைக் கொண்டே ஊரை உயர்த்த முடியும் என்று குன்றக்குடி அடிகளார் தம் கிராமத் திட்டத்தால் காட்டிய வட்டாரம் இது. பிரான்மலைக் கோயில் அவர் வீற்றிருந்த ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளது. கோயிலும் தர்காவும் ஊராட்சியும் வனத்துறையும் ஒருமுறை கூடிப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மலையை நேசிப்பவர் இருந்தால்தான் மலைக்குக் காவல் இருக்கும். அரிட்டாபட்டி மலைகளுக்கு டங்ஸ்டன் சுரங்கத்தால் ஆபத்து வந்தபோது அதைத் தடுத்தவர்கள், அந்த மலைகளைத் தம் காலால் அறிந்த ஊர்மக்கள். 2025 சனவரியில் அந்தச் சுரங்க ஏலம் கைவிடப்பட்டது. பேருந்துச் சன்னல் வழியாக மட்டும் மலையைப் பார்க்கும் தலைமுறைக்கு, ஒரு மலை குறைந்துபோனால் அது தெரியவும் தெரியாது.

மியூனிக் திரும்புமுன் அந்த இளைஞரை ஒரு ஞாயிறு விடியலில் பிரான்மலைக்கு அழைத்துச் சென்றேன். எட்டேகாலுக்கு உச்சியில் இருந்தோம். கீழே கண்மாய்கள் வெயிலில் மின்னின. மாவுருண்டையைக் கடித்தபடி அவர் கேட்டார்: "மாமா, இங்கே வழி சொல்ல ஒரு பலகைகூட இல்லையே, ஏன்?"

எட்டரை மணிக்கு நாங்கள் இறங்கத் தொடங்கினோம். அவர் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.